மீன் தொட்டி கூடத்தில், வடிகட்டி பக்கத்து அறையில்: தவறுவது எங்கே?

மின்சாரம் போனது விடியற்காலை நான்கு மணிக்கு. ஆறு மணிக்கு அரிசி எடுக்க ஸ்டோர் ரூமுக்குள் கால் வைத்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். தரையெல்லாம் தண்ணீர். அரிசி மூட்டையின் அடிப்பக்கம் ஊறிப்போயிருந்தது. கூடத்தில் இருந்த நான்கடித் தொட்டியில் மீன்கள் ஒன்றுமே நடக்காததுபோல் நீந்திக்கொண்டிருந்தன. குழாய் உடையவில்லை, கண்ணாடி விரியவில்லை. கணக்குப் போடாதவன் நான்தான்.

மோட்டார் இரைச்சலையும் ஒயர்க் குப்பையையும் கண்ணில் படாமல் வைக்கத்தான் வடிகட்டும் தொட்டியைப் பலரும் பக்கத்து அறைக்குக் கொண்டுபோகிறார்கள். மீன் வளர்ப்பவர்கள் இதைச் சம்ப் என்பார்கள். (சென்னையில் சம்ப் என்றால் வாசலில் இருக்கும் நிலத்தடித் தொட்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் அழைத்துவந்த பிளம்பர் நேராக அதன் மூடியைத் திறக்கப் போனார்.) கூடத்துத் தொட்டியின் மேல்விளிம்பில் வழியும் நீர் வடிகுழாய் வழியாகத் தானாகச் சம்ப்புக்கு இறங்குகிறது. அங்கே பஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் புகுந்து வந்ததும், மோட்டார் அதைத் திரும்ப மேலே அனுப்புகிறது. ஓடும்வரை அழகான ஏற்பாடு. நிற்கும்போது என்ன ஆகும் என்று யோசிக்காததுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்.

மோட்டார் நின்றதும் தண்ணீர் மேலே போகும் குழாயே தலைகீழாக உறிஞ்சத் தொடங்கும். குழாயின் வாய் தொட்டிக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அதுவரை தண்ணீர் கீழே வந்துவிடும். என் தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். அதில் ஒரு செ.மீ. நீர்மட்டம் என்றால் சுமார் 5.4 லிட்டர். நீரோட்டம் நன்றாக இருக்கட்டுமே என்று குழாயின் வாயை 12 செ.மீ. ஆழத்தில் வைத்திருந்தேன். அதாவது 65 லிட்டர். குழாய்களுக்குள் இருந்த நீர் ஏறக்குறைய 5 லிட்டர். ஆக, 70 லிட்டர் கிளம்பிவருகிறது. என் சம்ப்பின் அடிப்பரப்பு 90-க்கு 35 செ.மீ., மேலே காலியாக விட்டிருந்தது 15 செ.மீ. அதில் கொள்வது 47 லிட்டர்தான். மிச்சம் 23 லிட்டர் அரிசி மூட்டைக்குப் போயிற்று.

இதைச் சொன்னால் பெரும்பாலோர் தரும் தீர்வு, குழாயில் தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றைப் போட்டுவிடுங்கள் என்பது. போடலாம், ஆனால் அதை நம்பித் தூங்கக் கூடாது. ஒரு குட்டி நத்தையோ பாசித் துணுக்கோ மடலில் சிக்கினால் போதும், வால்வு முழுதாக மூடாது. சரியான வழி மலிவானது. குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு இரண்டு செ.மீ. கீழே மட்டும் வையுங்கள். ஆழத்தில்தான் வேண்டும் என்றால், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை போடுங்கள். மட்டம் இறங்கியதும் துளை வழியாகக் காற்று புகுந்து உறிஞ்சலை அறுத்துவிடும்.

இதற்கு நேர் எதிரான விபத்தும் உண்டு. வடிகுழாயின் வாயை ஒரு இலை அடைத்துக்கொண்டால், மோட்டார் பாட்டுக்குச் சம்ப் நீரை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். இப்போது வழிவது கூடத்தில். சம்ப்புக்குள் மோட்டார் இருக்கும் கடைசிப் பகுதியைச் சிறியதாகத் தடுத்துவிட்டால், அதில் உள்ள நீர் தீர்ந்ததும் ஏற்றுவது நின்றுவிடும். அந்தப் பகுதியின் மொத்த நீரும் மேல்தொட்டியின் காலி இடத்தில் அடங்க வேண்டும். தண்ணீர் தீர்ந்தால் தானாக நிற்கும் மோட்டாராகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் வெறுமனே சுற்றியே அது கருகிவிடும். இவற்றோடு, அவசரத்துக்கு இரண்டாவது வடிகுழாய் ஒன்று அவசியம். அதற்கு வால்வே இருக்கக் கூடாது.

ஒரே தளத்தில் பக்கத்து அறைக்குப் போகும்போது வடிகுழாயின் சரிவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மேலே போகும் குழாயை மோட்டார் தள்ளுகிறது, கதவு நிலைக்கு மேலே ஏற்றி இறக்கினாலும் தள்ளிவிடும். கீழே வரும் குழாய்க்கு யாரும் துணையில்லை. வழியெல்லாம் அது இறங்கிக்கொண்டே வர வேண்டும். மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு இருந்தால் நிம்மதி. வாசற்படிக்காகத் தரைவரை இறக்கி, அந்தப் பக்கம் மறுபடி உயர்த்திச் சம்ப்பில் விடுபவர்களும் உண்டு. சம்ப்பின் வாய் தொட்டி நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக இருப்பதால் தண்ணீர் என்னவோ ஓடும். ஆனால் அந்தப் பள்ளத்தில் மீன் கழிவு படிந்துகொண்டே போகும், காற்று சிக்கி இரவெல்லாம் களகளவென்று சத்தமிடும். பல மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டால் உள்ளே தேங்கிய நீர் கெட்டு, மோட்டார் ஓடியதும் அழுகிய முட்டை நாற்றத்தோடு வெளியே வரும். சுவரில் துளையிட்டு நேராக வருவதே மேல். அந்தத் துளை தூணிலும் உத்தரத்திலும் படக் கூடாது. குழாயைச் சிமெண்ட் வைத்து இறுக அடைத்தால் மோட்டாரின் அதிர்வைச் சுவர் வாங்கி முனகும். கொஞ்சம் பெரிய துளையிட்டுச் சுற்றிலும் பஞ்சு வைத்தால் அமைதி.

மோட்டார் வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். மணிக்கு 3,000 லிட்டர் என்றால், அது ஏற்றமே இல்லாதபோது தள்ளும் அளவு. அதே பெட்டியில் அதிகபட்ச உயரம் 2.5 மீட்டர் என்று போட்டிருந்தால், அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது என்று பொருள். சம்ப் நீர்மட்டத்திலிருந்து தொட்டி நீர்மட்டம்வரை எவ்வளவு ஏற்றம் என்று அளந்துகொள்ளுங்கள். அதோடு குழாய்க்குள் ஏற்படும் உராய்வையும் சேருங்கள். அறை தள்ளிப்போகும்போது இந்த உராய்வுதான் வேலையைக் காட்டுகிறது. மணிக்கு 1,500 லிட்டரை நான்கு மீட்டர் அரை அங்குலக் குழாயில் தள்ளினால், இன்னும் ஒரு மீட்டருக்கும் மேல் உயரம் ஏற்றுவதற்குச் சமம். ஒரு அங்குலக் குழாயில் அதுவே 20 செ.மீ.கூட வராது. குழாயில் மிச்சம் பிடித்த காசை மாதாமாதம் மின்கட்டணத்தில் கட்டுகிறோம். குழாய் திரும்பும் இடத்தில் போடும் ஒவ்வொரு எல்போவும் இந்தக் கணக்கில் சேரும். மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு யூனியன் (திருகிக் கழற்றும் குழாய் இணைப்பு) வைக்க மறந்தால், முதல் முறை சுத்தம் செய்யும்போதே ரம்பத்தைத் தேடுவீர்கள்.

கடையில் பித்தளை வால்வு உறுதியாக இருக்கும் என்று கொடுப்பார்கள். வீட்டுக் குழாய்க்கு நல்லதுதான். பித்தளையிலிருந்து கசியும் செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு. பிளாஸ்டிக் போதும்.

மூடிய சிறு அறையில் ஈரம் எங்கே போகும் என்பதையும் நான் யோசிக்கவில்லை. கோடையில் நாளைக்கு மூன்று லிட்டர்வரை ஆவியானது. முதலில் நமத்தது அப்பளக் கட்டு. பிறகு கூரை மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. இப்போது ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது, அப்பளம் சமையலறைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இத்தனை ஈரமுள்ள இடத்தில் மின்பலகை சம்ப்புக்கு நேர் மேலே இருப்பது ஆபத்து. பக்கவாட்டில் உயரத்தில் வைத்து, ஒவ்வொரு ஒயரையும் பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டுப் பிறகு மேலே ஏற்றினால், ஒயரில் வழியும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

இன்வெர்ட்டரில் பெரிய மோட்டாரை மாட்டி பேட்டரியைத் தீர்ப்பதும் வழக்கமான தவறு. மின்சாரம் போனால் மீனுக்கு முதலில் வேண்டியது பிராணவாயு. 25 டிகிரி நீரில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம்வரை கரையும், 30 டிகிரியில் 7.5-தான். நம் ஊர்க் கோடையில் கையிருப்பே குறைவு. கூடத்துத் தொட்டியில் சிறிய காற்று மோட்டார் ஒன்றை மட்டும் இன்வெர்ட்டரில் கொடுங்கள், இரவு முழுக்க ஓடும்.

மீன் விடுவதற்கு முன், வெறும் தண்ணீரில் ஓடவிட்டு மூன்று முறை மோட்டாரை நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் நீர் ஏறி நிற்கும் இடத்தைச் சம்ப் கண்ணாடியில் மார்க்கரால் கோடிடுங்கள். மூன்று கோடுகளும் ஒரே இடத்தில், விளிம்புக்கு நான்கைந்து விரற்கடை கீழே இருந்தால் சரி. ஓடும்போது இருக்கும் மட்டத்துக்கும் ஒரு கோடு வேண்டும். ஆவியான நீருக்கு ஈடாக ஊற்றுபவர் அதைத் தாண்டி ஊற்றினால், விட்டுவைத்த காலி இடம் போய்விடும். எங்கள் வீட்டில் அந்தக் கோடு சிவப்பு. அதற்குப் பக்கத்திலேயே துடைப்பத்து ஈர்க்குச்சி ஒன்று செருகியிருக்கிறது. காற்று புகும் அந்தச் சிறு துளையைப் பாசி பத்தே நாளில் அடைத்துவிடுகிறது, அதைக் குத்திவிடத்தான்.