சொந்தமா ஒரு பாட்டு போடணும்னா

உக்காந்தவுடனே லேப்டாப்ப தொறந்து லூப் (திரும்பத் திரும்ப ஓடுற ரெடிமேட் இசைத்துண்டு) தேடாதீங்க தம்பி, எந்த விஷயம் உங்கள தூங்கவிடாம பண்ணுதுன்னு மொதல்ல பாருங்க. எனக்கு அது அப்பத்தா செத்தன்னைக்கு பக்கத்து வீட்டு அத்தை பாடுன ஒப்பாரி, ஒவ்வொரு வரியும் உச்சியில ஆரம்பிச்சு மூச்சு தீரத் தீர கீழ எறங்கும், கடைசில வார்த்தையே இல்லாம வெறும் இழுவை மட்டும் நிக்கும். அந்த மெட்ட நான் தொடல, எறங்குற விதத்த மட்டும் எடுத்துக்கிட்டேன்.

வாயால முணுமுணுத்து போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, கீபோர்டு அப்புறம், ஏன்னா வெரல் பழகுன கார்டுக்கே (chord, சேத்து வாசிக்கிற சுரங்கள்) ஓடும். தாளத்துக்கு சித்திரைத் திருவிழாவுல அழகர வரவேற்கிற எதிர்சேவை அன்னைக்கு மதுரை தல்லாகுளத்துல போய் நில்லுங்க, அழகர் வர்றப்ப கூட்டம் நடக்குற நடையே ஒரு தாளமா இருக்கும், அத 6/8ல (ஆறு எண்ணிக்கை தாளம்) போட்டுப் பாருங்க, செட் ஆகலன்னா 4/4 (நாலு எண்ணிக்கை).

வரி கடைசியா எழுதுனா போதும். இதயம், கண்ணீர்லாம் வேணாம், அப்பத்தா பாக்கு இடிச்ச சின்ன உரல் மாதிரி கையில பிடிக்கிற பொருள் ஒண்ணு வைங்க. ஒரு வாரம் கழிச்சு கேளுங்க, எங்கயாச்சும் வேற பாட்டு ஞாபகம் வந்துச்சுன்னா அந்த எடத்த மட்டும் மறுபடி பாடி மாத்துங்க.