கேமரா காட்டும் இடத்தில் ரோபோ இல்லை

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு பழைய கருவாட்டுக் கிட்டங்கி. அங்கேதான் நாலு சின்ன ரோபோக்களை ஓட்டிப் பழகினோம். எந்த ரோபோ எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் எடுபடாது, லேசரால் தூரம் அளக்கும் லைடார் வாங்கக் காசில்லை. அதனால் 3 மீட்டர் உயரத்தில் இரண்டு மலிவு வெப்கேம். ஒவ்வொரு ரோபோவின் தலையிலும் ஏப்ரல்டேக் அட்டை, அதாவது கேமரா படித்து எண்ணை அறியும் கறுப்பு வெள்ளைக் கட்டக் குறி. மென்பொருள் இலவசம்தான். தவறெல்லாம் எங்களுடையது.

பெரிய தவறு, அட்டையின் உயரத்தை மறந்தது. தரையில் நான்கு புள்ளிகளை அளந்து படத்தைத் தரையோடு பொருத்தினோம். ஆனால் அட்டை இருப்பது 20 செ.மீ. மேலே. கேமரா இருக்கும் இடத்தில் ஒரு குண்டு பல்பு தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அட்டையின் நிழல் ரோபோவின் காலடியில் விழாது, தள்ளி விழும். அந்த நிழல் விழும் இடத்தைத்தான் கணக்கு ரோபோவின் இடம் என்கிறது. கேமராவின் நேர்கீழிலிருந்து ரோபோ 2 மீட்டர் விலகினால் பிழை 14 செ.மீ. நேர்கீழே நின்றால் பிழையே இல்லை. நாங்கள் அங்கே மட்டும் சோதித்துவிட்டு, சரி, ஓடுகிறது என்று டீ குடிக்கப் போய்விட்டோம். இரண்டு கேமராவுக்கும் நடுவில் வந்த ஒரே ரோபோ 28 செ.மீ. இடைவெளியில் இரண்டாகத் தெரிந்தபோதுதான் உறைத்தது: ஒவ்வொரு கேமராவும் அதைத் தன்னிடமிருந்து வெளியே தள்ளிக் காட்டுகிறது. அப்புறம் செங்கல் அடுக்கி, நான்கு புள்ளிகளையும் அட்டை உயரத்திலேயே வைத்து அளந்தோம். எல்லா ரோபோவும் ஒரே உயரமாக இருந்தால்தான் இந்த வழி செல்லும். புள்ளிகள் நடுவில் குவியாமல் மூலைகளில் இருக்கட்டும். அதற்கும் முன்னால், சதுரங்கக் கட்டம் அச்சடித்த தாளைக் காட்டி லென்ஸின் வளைவைத் திருத்திவிட வேண்டும்.

அடுத்தது, கேமராவைத் தானியங்கியில் விட்டது. ஃபோகஸ் தானாக நகர்ந்தால் லென்ஸுக்காக எடுத்த அளவுகள் கெடும். வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒளியை நீண்ட நேரம் வாங்கும். நொடிக்கு அரை மீட்டர் ஓடும் ரோபோ, நொடியில் 30-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் 1.7 செ.மீ. இழுபட்டுப் படமாகும். இரண்டையும் கையால் பூட்டிவிட்டு, ஒரு டியூப்லைட் கூடுதலாகப் போடுவது மலிவு.

எங்கள் பக்கம் காகிதம் உப்புக் காற்றில் நமுத்துவிடும். அதனால் அட்டைகளை லேமினேட் செய்தோம். தகர ஓட்டை வழியே வந்த வெயில் பளபளப்பில் பட்டு, கட்டங்கள் மறைந்தே போயின. பளபளக்காத ஸ்டிக்கரில் அச்சடியுங்கள். அழகுக்காகச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை வெட்டினால் அட்டையே கண்ணில் படாது, நான் வெட்டினேன்.

இன்னொன்று, பெரிய டேக் குடும்பத்துக்கு ஆசைப்பட்டது. ஏப்ரல்டேக்கில் 36எச்11 என்ற குடும்பத்தில் 587 எண்கள் உண்டு. நாலு ரோபோவுக்கு எதற்கு? 4 மீட்டர் அகலத்தை 640 பிக்சலில் எடுத்தால் 10 செ.மீ. அட்டைக்கு 16 பிக்சல், ஒரு கட்டத்துக்கு வெறும் 2. அரூகோ என்ற இன்னொரு குறியில், கட்டங்கள் குறைவான 4×4 வகை போதும்.

படம் வந்துசேர 0.1 நொடி ஆனால் ரோபோ 5 செ.மீ. போயிருக்கும். ஆகவே ஒவ்வொரு இடத்தோடும் குறித்துவைக்கும் நேரமுத்திரை படம் எடுத்த கணத்துக்கு உரியதாக இருக்க வேண்டும், கணக்கு முடிந்த கணத்துக்கு அல்ல.

ஒரு வாரம் கழித்து எல்லா அட்டையும் மங்கலாகத் தெரிந்தது. நிரலை இரண்டு நாள் தோண்டினோம். லென்ஸில் உப்பு படிந்திருந்தது.