தீவின் ஓரத்தில் நங்கூரம் இழுபட்டபோது

காலை முதல் கரையை ஒட்டியே பாய்மரப் படகில் சென்று, பிற்பகலில் ஒரு தீவின் காற்று மறைவில் நங்கூரமிட்ட நாங்கள், இரண்டு மணி நேரம் கழித்துப் படகு மெல்லப் பாறைகளின் பக்கம் நகர்ந்துகொண்டிருப்பதைக் கண்டோம். கரையில் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்திருந்த மரமும் அதன் பின்னாலிருந்த குன்றும் விலகித் தெரிந்ததுதான் அதைக் காட்டிக்கொடுத்தது.

தவறு என் கணக்கில் இருந்தது. நீர் வற்றியிருந்த வேளையில் ஆழமானி காட்டிய 4 மீட்டரை மட்டும் ஐந்தால் பெருக்கி, 20 மீட்டர் சங்கிலி விட்டிருந்தேன். நீர்மட்டத்திலிருந்து படகின் முன்முனை வரையுள்ள 1 மீட்டரையும், ஓதம் ஏறும்போது கூடவிருந்த 2 மீட்டரையும் சேர்த்தால் 7 மீட்டர். அதற்கு 35 மீட்டர் சங்கிலி வேண்டும். சங்கிலி குறைந்தால் இழுவை மேல்நோக்கித் திரும்பி, நங்கூரத்தைத் தரையிலிருந்து பெயர்த்துவிடும்.

உடனே இயந்திரத்தை இயக்கி நங்கூரத்தை எடுத்தபோது, அதில் கடற்புல் கற்றையாகச் சிக்கியிருந்தது. புல் அடர்ந்த தரையில் நங்கூரம் எளிதில் பதியாது என்பதால், நீர் வெளிறித் தெரிந்த மணற்பரப்பைத் தேடி, காற்றை எதிர்நோக்கி நின்று மீண்டும் இறக்கினோம். 40 மீட்டர் சங்கிலி விட்டு, இயந்திரத்தை முதலில் மெதுவாகவும் பிறகு சற்று வேகமாகவும் பின்னோக்கி இயக்கினேன். விறைத்து நின்ற சங்கிலியின்மீது கையை வைத்துப் பார்த்தேன். நங்கூரம் இழுபட்டால் கைக்குத் தெரியும் அதிர்வு சிறிதும் இல்லை. சங்கிலி நீண்டால் படகு சுழலும் வட்டமும் பெரிதாகும் ஆகையால், மற்றப் படகுகளிலிருந்து தள்ளியே நின்றோம். புதிதாகக் குறித்துக்கொண்ட இரு அடையாளங்களும் மறுநாள் விடிந்த பிறகும் ஒரே கோட்டில் இருந்தன.