பழைய இரும்புக் கடை போடுகிறீர்களா?

கும்பகோணத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். கடை போட யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, தராசு வாங்கும் முன் தொழில் உரிமம் வாங்குங்கள் என்பதுதான். 2021ல் எங்கள் ஊர் மாநகராட்சி ஆனது, விண்ணப்பம் அங்கேதான். வாடகை ஒப்பந்தம், சொத்து வரி ரசீது, ஆதார் நகல் தயாராக இருக்கட்டும். தராசுக்கு முத்திரை போடுவது தொழிலாளர் துறை, அது தனி வேலை.

சரி, உரிமம் வந்துவிட்டது. அப்புறம்தான் முக்கியமான வேலை: பதிவேடு. விற்பவர் பெயர், ஊர், போன் நம்பர், பொருள், எடை எல்லாவற்றையும் அன்றன்றே எழுதிவிடுங்கள்.

டெல்டாவில் செம்புக் கம்பியில்தான் ஆபத்து. பம்புசெட் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பி வார்னிஷ் ஏறிப் பழுப்பாக, வளைந்து வளைந்து இருக்கும். ரீவைண்டிங் கடைக்காரர் கொண்டுவந்தால் எடை போடலாம். முன்பின் தெரியாதவர் விடியற்காலையில் சாக்கோடு வந்தால் தொடாதீர்கள். அந்தக் கம்பி போன வயலில் நாற்று காய்ந்துகொண்டிருக்கும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 317வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. கோயில் மணி, பழைய விளக்கு வந்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

உரிமம் முடியும் தேதியைக் கல்லாப் பெட்டி மூடியில் ஒட்டி வையுங்கள்.