சேலத்து ஓட்டு மாநிலங்களவைக்குப் போகும் வழி: கணக்குப் போடும் முறை

சட்டமன்றத் தேர்தலில் நாம் ஒரு பொத்தானைத்தான் அழுத்துகிறோம். அந்த ஒரே ஓட்டு முதலில் சென்னைக்கு ஒரு எம்.எல்.ஏ.வை அனுப்புகிறது, பிறகு அந்த எம்.எல்.ஏ.வின் கை வழியாக டெல்லிக்கு மாநிலங்களவை உறுப்பினரையும் அனுப்புகிறது. மாநிலங்களவையில் மொத்தம் 245 இடம், பெரும்பான்மைக்கு 123. தமிழ்நாட்டின் பங்கு 18. அந்தப் பதினெட்டில் எத்தனை எந்தப் பக்கம் போகும் என்பதை, வாக்கு எண்ணிக்கை முடிந்த அன்று இரவே ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். டிவி விவாதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மேலவை என்றதும் எம்.எல்.சி. (சட்ட மேலவை உறுப்பினர்) ஞாபகம் வருபவர்கள் சேலத்தில் இன்னும் இருக்கிறார்கள். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி 1952-இல் முதல்வரானபோது சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டுத்தான் பதவியில் உட்கார்ந்தார். அந்த மேலவை 1986 நவம்பர் 1-ஆம் தேதியோடு போய்விட்டது. 2010-இல் அதைத் திரும்பக் கொண்டுவரத் தீர்மானம் போட்டார்கள். 2011-இல் ஆட்சி மாறியதும் அதுவும் நின்றுபோனது. ஆகவே பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கும் தனியாக மேலவை ஓட்டு இங்கே இப்போது கிடையாது. தமிழ்நாட்டு வாக்காளருக்கு மேல்சபை என்றால் மாநிலங்களவை மட்டுமே. அதற்கு ஓட்டுப் போடுவது 234 எம்.எல்.ஏ.க்கள்.

கட்சி வாரியாக எண்ணுவது

நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: கட்சி, வென்ற இடம், கூட்டணி, மீதி. தேர்தல் ஆணையத்தின் முடிவுத் தளத்திலிருந்து கட்சி எண்ணிக்கையை எழுதிக்கொள்ளுங்கள். இங்கேயே பலர் தவறுவார்கள். கூட்டணிக் கட்சிக்காரர் பெரிய கட்சியின் சின்னத்தில் நின்று ஜெயித்திருந்தால், அவர் சட்டப்படி அந்தப் பெரிய கட்சியின் எம்.எல்.ஏ. 2021-இல் ம.தி.மு.க.வினர் உதயசூரியனில் நின்றதால் தி.மு.க.வின் 133-க்குள் வந்துவிட்டார்கள். அவர்களைத் தனியாக ஒருமுறை, 133-க்குள் ஒருமுறை என்று இரண்டு தடவை எண்ணிவிட்டு, மொத்தம் 234-ஐத் தாண்டுகிறதே என்று விழிப்பது வழக்கமான கோளாறு. கூட்டிப் பார்த்து 234 வந்தால்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும். சபாநாயகரையும் சேர்த்தே எண்ணுங்கள். அவரும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர், அவருக்கும் ஓட்டு உண்டு.

2021 கணக்கு இப்படி: தி.மு.க. 133, காங்கிரஸ் 18, வி.சி.க. 4, இரண்டு கம்யூனிஸ்டுகளும் தலா 2, ஆக 159. எதிரே அ.தி.மு.க. 66, பா.ம.க. 5, பா.ஜ.க. 4, ஆக 75.

கோட்டா

ஒருவர் ஜெயிக்கத் தேவையான ஓட்டு மதிப்புதான் கோட்டா. மாநிலங்களவைத் தேர்தலில் ஒன்றுக்கு மேற்பட்ட இடம் இருந்தால் ஒவ்வொரு வாக்குச்சீட்டுக்கும் மதிப்பு 100. செல்லுபடியான சீட்டுகளின் மொத்த மதிப்பை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். வந்த ஈவோடு 1 சேர்க்க வேண்டும். பின்னத்தை விட்டுவிடலாம். தமிழ்நாட்டில் ஒரு தடவைக்கு ஆறு இடம் காலியாகும். 234 பேரும் சரியாக ஓட்டுப் போட்டால் மொத்தம் 23,400. அதை 7-ஆல் வகுத்தால் 3342. ஒன்று கூட்டினால் 3343. ஒரு சீட்டு 100 என்பதால் ஒரு வேட்பாளருக்கு 34 எம்.எல்.ஏ. வேண்டும்.

இந்த 34-தான் அளவுகோல். ஆனால் 34 இல்லாவிட்டால் தோல்வி என்று அர்த்தமில்லை. கடைசி இடத்துக்கு வரும்போது, யாரும் கோட்டாவைத் தொடாவிட்டால் குறைந்த ஓட்டு வாங்கியவரைக் கழித்துக்கொண்டே வருவார்கள், மிஞ்சியவர் ஜெயிப்பார். 2013 ஜூனில் ஆறு இடத்துக்கு ஏழு பேர் நின்றார்கள். கனிமொழிக்கு 31 ஓட்டு, தே.மு.தி.க. வேட்பாளருக்கு 22. கோட்டா வராமலேயே கனிமொழி ஜெயித்தார். ஆகவே உங்கள் நோட்டில் முழுக் கோட்டாக்களைக் கழித்த பிறகு இருக்கும் மீதியை அழுத்தமாக எழுதுங்கள். ஆறாவது இடத்தைத் தீர்மானிப்பது அந்த மீதிதான்.

சேலம் மாவட்டத்தை வைத்து ஒரு கணக்கு

கெங்கவல்லி, ஆத்தூர், ஏற்காடு, ஓமலூர், மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி, சேலம் மேற்கு, சேலம் வடக்கு, சேலம் தெற்கு, வீரபாண்டி. மொத்தம் பதினொன்று. மதிப்பில் சொன்னால் 1100, ஒரு கோட்டாவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கேட்க சின்ன எண்தான். அது எங்கே உட்காருகிறது என்று பார்த்தால்தான் எடை தெரியும்.

2021-இல் இந்தப் பதினொன்றில் சேலம் வடக்கு மட்டும் தி.மு.க. மீதிப் பத்தும் எதிரணி: அ.தி.மு.க. எட்டு, மேட்டூரும் சேலம் மேற்கும் பா.ம.க. இப்போது கோட்டாவைப் போடுங்கள். தி.மு.க. அணியின் 159-இல் நான்கு கோட்டா 136, மீதி 23. எதிரணியின் 75-இல் இரண்டு கோட்டா 68, மீதி 7. நான்குக்கு இரண்டு. 2022 ஜூனில் ஆறு பேர் போட்டியின்றி வந்தார்கள், அதே நான்குக்கு இரண்டு. 2025-இலும் அதேதான். அந்தத் தடவை வந்த நான்கில் ஒருவர் சேலத்தைச் சேர்ந்த எஸ்.ஆர்.சிவலிங்கம்.

அந்தப் பத்துத் தொகுதியும் மறுபக்கம் சாய்ந்திருந்தால்? 169-க்கு 65. தி.மு.க. அணிக்கு நான்கு கோட்டா போக மீதி 33. எதிரணிக்கு ஒரு கோட்டா போக மீதி 31. இரண்டு பக்கமும் முழுக் கோட்டா இல்லை, குறைந்தவர் வெளியே. ஐந்துக்கு ஒன்று ஆகியிருக்கும். ஏற்காட்டு மலையில் காபித் தோட்டத்துக்குப் போகும் வழியில் ஓட்டுப் போட்டுவிட்டுப் போனவரும், அதே தொகுதியின் அடிவாரத்தில் வாழப்பாடியில் வரிசையில் நின்றவரும் சேர்ந்து டெல்லியில் ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான தொகுதிகள் இரண்டே இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். தங்கள் எம்.எல்.ஏ.வின் கையில் இந்த இரண்டாவது ஓட்டும் இருக்கிறது என்று அந்த மலைக்கிராம வாக்காளர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். பிரசாரத்தில் இது காதில் விழுவதே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அ.தி.மு.க. தனியாக 66. இரண்டு கோட்டாவுக்கு 68 வேண்டும். இரண்டு குறைவு! அந்த இரண்டுக்காகத்தான் கூட்டணியின் தயவு தேவைப்படுகிறது. தோழமைக் கட்சி பேரம் பேசும் பலம் இந்த மாதிரிப் பற்றாக்குறையிலிருந்துதான் பிறக்கிறது. கணக்கில் வராத பேரமும் உண்டு. மக்களவைத் தேர்தல் உடன்பாட்டிலேயே மாநிலங்களவை இடம் எழுதப்பட்டுவிடும். 2019-இல் பா.ம.க.வுக்கு அ.தி.மு.க. தந்ததும், 2025-இல் கமல்ஹாசன் போனதும் அப்படித்தான். எந்த அணிக்கு எத்தனை என்பதை உங்கள் நோட்டு சொல்லும். அணிக்குள் யாருக்கு என்பதைச் சொல்லாது.

காலண்டர் தெரியாமல் கணக்குப் போடாதீர்கள்

ஆட்சி மாறினால் மாநிலங்களவையும் மறுநாளே மாறும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. உறுப்பினருக்கு ஆறு வருடம்; இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவையில் மூன்றில் ஒரு பங்கு ஓய்வு பெறும். தமிழ்நாட்டின் பதினெட்டும் ஆறாறாக மூன்று தொகுப்பு. ஆனால் நம் தொகுப்புகளுக்கு இடைவெளி சமமாக இல்லை: 2020 ஏப்ரல், 2022 ஜூன், 2025 ஜூலை. ஆறைக் கூட்டினால் அடுத்த முறை 2026, 2028, 2031.

இதை சட்டமன்றக் காலத்தோடு ஒட்டிப் பாருங்கள். 2021 மே மாதம் வந்த சட்டமன்றத்தின் ஐந்தாண்டுக்குள் 2022, 2025, 2026 ஆகிய மூன்று தொகுப்பும் விழுகின்றன. 2026 ஏப்ரல் 2-ஆம் தேதி முடியும் ஆறு இடத்துக்குத் தேர்தல் அதற்கு முன்பே வர வேண்டும் என்பதால், ஓட்டுரிமை பழைய எம்.எல்.ஏ.க்களுக்கே. ஆக பதினெட்டு இடமும் ஒரே சட்டமன்றத்தின் கையில். 2026 மே மாதம் அமையும் சட்டமன்றம் முழுக்காலம் நீடித்தாலும் அதற்குக் கிடைப்பது 2028 ஜூன் தொகுப்பு மட்டுமே. 2031 ஜூலைத் தொகுப்பு அதற்கடுத்த சட்டமன்றத்துக்குப் போய்விடும். ஒரு சட்டமன்றத்துக்குப் பதினெட்டு, அடுத்ததற்கு ஆறு. ஒரே அளவு ஓட்டு வாங்கி ஜெயித்தாலும் பலன் இத்தனை வித்தியாசப்படும். மாநிலங்களவை இணையதளத்தில் ஒவ்வொரு உறுப்பினரின் பதவி முடியும் தேதியும் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதிய பிறகே பென்சிலை எடுங்கள்.

இடைத்தேர்தல் மட்டும் இதற்கு விலக்கு. நடுவில் ஒருவர் இறந்தாலோ ராஜினாமா செய்தாலோ அந்த இடத்துக்குத் தனியாகத் தேர்தல் நடக்கும். ஒரே இடம் என்பதால் சீட்டு மதிப்பு 1. பாதிக்கு மேல் ஒன்று, அதாவது 118 வேண்டும். 118 வைத்திருப்பவர் எல்லா இடைத்தேர்தலையும் வாரிக்கொண்டு போகலாம். இரண்டு இடம் ஒரே நாளில் காலியானாலும் தனித்தனி அறிவிப்புதான். எதிரணிக்குப் பங்கு கிடையாது. 2021-இல் நடந்ததைப் பாருங்கள். அ.தி.மு.க.வின் முகமது ஜான் காலமானார். கே.பி.முனுசாமியும் வைத்திலிங்கமும் எம்.எல்.ஏ. ஆனதால் மாநிலங்களவையை விட்டார்கள். அக்டோபருக்குள் மூன்றும் தி.மு.க.வுக்குப் போய்விட்டன. எம்.பி.யைச் சட்டமன்றத்துக்கு நிறுத்தும் கட்சி, தான் ஆட்சிக்கு வராவிட்டால் இந்த விலையைக் கொடுக்க வேண்டும்.

வேட்புமனுவும் ஓட்டுச்சீட்டும்

வேட்பாளருக்கு வயது 30 ஆகியிருக்க வேண்டும். இந்தியாவில் எந்த ஊர் வாக்காளராகவும் இருக்கலாம்; அந்த மாநிலத்தவராக இருக்க வேண்டும் என்ற விதி 2003-இல் எடுக்கப்பட்டுவிட்டது. டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. பத்து எம்.எல்.ஏ.க்கள் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். சுயேச்சைகள் விழுவது இங்கேதான். மேட்டூர் பத்மராஜன் போன்றவர்கள் சளைக்காமல் மனுத் தாக்கல் செய்வார்கள். பத்துக் கையெழுத்து இல்லாத மனு பரிசீலனையைத் தாண்டாது. மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள் மாலை இடமும் ஆளும் சமமாக இருந்தால் போட்டியின்றித் தேர்வு என்று அறிவித்துவிடுவார்கள்.

போட்டி வந்தால் காலை 9 முதல் மாலை 4 வரை வாக்குப்பதிவு, 5 மணிக்கு எண்ணிக்கை. எம்.எல்.ஏ. வேட்பாளர் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எண்ணாக எழுத வேண்டும். 'ஒன்று' என்று எழுத்தில் எழுதினால் செல்லாது, டிக் போட்டாலும் செல்லாது. 1 இல்லாத சீட்டும், இரண்டு பேருக்கு 1 போட்ட சீட்டும் போச்சு. 2 போடாவிட்டால் பரவாயில்லை. ஆணையம் கொடுக்கும் வயலட் ஸ்கெட்ச் பேனாவைத்தான் பயன்படுத்த வேண்டும். 2016-இல் ஹரியானாவில் வேறு பேனாவால் எழுதிய சீட்டுகள் கூண்டோடு தள்ளுபடியாகி முடிவே புரண்டது. நோட்டா கிடையாது, 2018-இல் உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது.

பெட்டியில் போடுவதற்கு முன் சீட்டைத் தன் கட்சியின் அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்டிடம் காட்ட வேண்டும். காட்ட மறுத்தாலும் செல்லாது, வேறு ஆளிடம் காட்டினாலும் செல்லாது. 2017-இல் குஜராத்தில் மூன்று இடம், 176 ஓட்டு. 17,600-ஐ 4-ஆல் வகுத்து 1 கூட்டினால் 4401. அதாவது 45 பேர் வேண்டும். காங்கிரஸ் வேட்பாளர் அகமது படேலுக்கு 44 மட்டும். இரண்டு காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் சீட்டை வேறு ஆளுக்குக் காட்டியதாகப் புகார் வந்து, நள்ளிரவில் ஆணையம் அந்த இரண்டையும் தள்ளியது. 174 ஆனதும் கோட்டா 4351, 44 போதும். படேல் ஜெயித்தார். செல்லாத சீட்டு எதிரியின் எண்ணிக்கையைக் குறைப்பதோடு நிற்காது, கோட்டாவையே இறக்கிவிடும். நோட்டில் 34 என்று எழுதியிருந்தால், பக்கத்திலேயே சிலர் வராவிட்டால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பாருங்கள். 231 ஓட்டு விழுந்தால் 3301, அப்போதும் 34 பேர். 230 ஆனால் 3286, 33 பேர் போதும்.

கோட்டாவுக்கு மேல் மிஞ்சும் ஓட்டு மதிப்புதான் உபரி, அது சீட்டில் 2 போட்டவருக்குப் போகும். இதற்கு 2022 ஹரியானா நல்ல பாடம். இரண்டு இடம், செல்லுபடியானது 88, கோட்டா 2934. முதலிடம் வந்தவருக்கு 36 ஓட்டு, 3600. உபரி 666. அது இரண்டாம் விருப்பமாகக் கார்த்திகேய சர்மாவுக்குப் போய், அவருடைய 23 ஓட்டு 29-ஐத் தாண்டியது. காங்கிரஸின் அஜய் மாக்கனிடம் 29 ஓட்டு முழுசாக இருந்தும் தோற்றார். அவர் பக்கம் வர வேண்டிய ஒரு சீட்டு செல்லாமல் போனதும் ஒரு காரணம். உபரி வைத்திருக்கும் கட்சி தன் எம்.எல்.ஏ.க்களுக்கு 2 யாருக்கு என்று சொல்லிக்கொடுக்காவிட்டால் அந்த உபரி வீண்.

கடைசியாகக் கட்சி மாறி ஓட்டுப் போடுவது. இந்தத் தேர்தலில் கொறடா உத்தரவை மீறினாலும் கட்சித்தாவல் சட்டப்படி பதவி போகாது. கட்சி தன் அளவில் நீக்கலாம், அவ்வளவுதான். 2024 பிப்ரவரியில் இமாச்சலில் காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் சிலர் மாற்றிப் போட்டதால் ஒரே இடத்துக்கு 34-க்கு 34 வந்து குலுக்கல் போட்டார்கள். சீட்டில் வந்த பெயர் காங்கிரஸின் அபிஷேக் சிங்வி. பெயர் வந்தவர் தோற்றவர் என்று வைத்ததால் அவர் தோற்றார். ஆகவே நோட்டின் நான்காவது பத்தியில் மீதி ஐந்துக்குள் வித்தியாசப்பட்டால், அந்த இடத்துக்கு நேரே யார் பெயரையும் எழுதாமல் காலியாக விடுங்கள்.