வி.ஆர். பயிற்சியில் லெவல் ஏறுகிறது, கடைக்குப் போக வரவில்லை

ஹெட்செட்டுக்குச் சார்ஜ் போடுவது, பட்டையைச் சரிசெய்வதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. நீலகிரியில் மனச்சிதைவு உள்ளவர்களுக்கு வி.ஆர். (ஹெட்செட்டை மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் காட்சி) வழியே கவனம், நினைவுப் பயிற்சி தரப் புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள் வேறு.

லெவலை முன்னேற்றம் என்று எழுதுவது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது. பயிற்சிக்கு வருகிற ஒருவர் திரையிலுள்ள கடையில் ஐந்து பொருளை நினைவில் வைத்து எடுக்கிறார். சில வாரங்களில் எட்டாவது லெவல். கோப்பில் ‘நல்ல முன்னேற்றம்’. அவரே குன்னூர் மார்க்கெட்டில் கேரட்டும் பூண்டும் வாங்கப் போய் வெறும் பையோடு திரும்புகிறார். திரையில் யாரும் இடித்துக்கொண்டு போவதில்லை, “மலைப்பூண்டாண்ணா, சாதாப் பூண்டா?” என்று குறுக்கே கேட்பதுமில்லை. அந்த விளையாட்டு மட்டும் அவருக்குப் பழகிவிட்டது.

மனச்சிதைவு உள்ளவர்களுக்கான கவனம், நினைவுப் பயிற்சிகள் (வி.ஆர். மட்டுமல்ல) குறித்த 130 ஆய்வுகளைத் திரட்டி 2021இல் வெளியான தொகுப்பாய்விலும், தேர்ந்த பயிற்றுநர் உடனிருந்து, நினைவில் வைக்கும் உத்திகளை முறையாகக் கற்றுத்தந்து, மறுவாழ்வுப் பயிற்சியோடு இணைத்த இடங்களில்தான் பலன் கூடுதல்.

45 நிமிட அமர்வில் ஹெட்செட்டுக்கு 15 முதல் 20 நிமிடம் போதும். முதலில் உத்தி: பட்டியலை வாய்விட்டுச் சொல்வது, காய்கறி தனி, மளிகை தனி என்று பிரிப்பது. கழற்றியதும், எது விட்டுப்போனது, எது கைகொடுத்தது என்று கேளுங்கள். அந்த வாரமே மூன்று பொருள், 100 ரூபாய், துணைக்கு ஒருவர் என்று உழவர் சந்தைக்கு அனுப்புங்கள். எத்தனை பொருள் வந்தது, எத்தனை தடவை நினைவூட்ட வேண்டியிருந்தது, மீதிச் சில்லறை சரியா என்பவைதான் கோப்பில் ஏற வேண்டிய கணக்கு.

மருந்துச் சீட்டைப் பார்க்காமல் மதிப்பெண் போடுவது

கை நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில் நினைவை மந்தமாக்கும். மனச்சிதைவுக்கான குளோசபின் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் காலையில் தூக்கக் கலக்கம் இருக்கும், எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம், வலிப்புக்கும் வாய்ப்புண்டு. தொடங்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள். பயிற்சி உட்கார்ந்தபடியே நடக்கட்டும்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மாட்டிவிடுவது

கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டிக்கொண்டு வந்தவருக்கு அரை மணி ஓய்வு வேண்டும். காட்சி வழுக்கிக்கொண்டே நகரும் அமைப்பை அணைத்துவிடுங்கள். உடல் அசையாதிருக்கக் கண்ணுக்கு மட்டும் நகர்வதுபோலத் தெரிந்தால் குமட்டல் திரும்பலாம்.

முதல் நாளே கூட்டமான கடை

வேண்டாம். உற்றுப் பார்க்கும் உருவங்கள் சந்தேகத்தைக் கிளறும். ஆளில்லாத கடையில் தொடங்குங்கள்.

ஹெட்செட்டை ஜன்னலோரம் வைப்பது

ஊட்டியில் என்ன பெரிய வெயில் என்று நினைக்காதீர்கள். லென்ஸ் வழியே குவிந்தால் திரை கருகும்.