சென்னை வழியாகப் பலாலி: தூரமும் நேரமும்

வெளிநாட்டிலிருந்து சென்னை வழியாக யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கான கணக்கு இது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலிக்கு வான்வழி நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவுக்கு 645. கட்டுநாயக்காவில் இறங்கினால் அங்கிருந்து தரைவழியே மறுபடி வடக்கே ஏழெட்டு மணி நேரம் வரவேண்டும். யாழ்ப்பாணத்துக்காரருக்குப் பலாலிப் பாதை ஏன் இத்தனை இனிக்கிறது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது; கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோ விமான நிறுவனமும் சேர்ந்துகொண்டது.

பறக்கும் நேரம் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி. ஓடுபாதையின் நீளம் குறைவு என்பதால் பெரிய ஜெட் விமானங்கள் வருவதில்லை. ஏடிஆர் 72 என்ற இரட்டை விசிறி விமானம்தான். வாசல் பின்புறம் இருக்கும். படியேறி உள்ளே போனால் பக்கத்துக்கு இரண்டு இருக்கைகள், தலைக்கு மேல் சிறிய பெட்டகம். லண்டனிலோ டொரொண்டோவிலோ கைப்பொதியாக ஏற்றிய சக்கரப்பெட்டி இதற்குள் அடங்காமல் போகலாம். கடவுச்சீட்டு, மருந்து, நகை மூன்றையும் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பொதி எடை வரம்பும் நீண்ட தூர விமானத்தில் உள்ளதைவிடக் குறைவு. டிக்கெட் வாங்கும்போதே கூடுதல் எடைக்குப் பணம் கட்டிவிட்டால் கடைசி நேரத்தில் பெட்டியைத் திறந்து சாமான்களை வெளியே எடுக்கும் அவலம் இல்லை.

உண்மையில் நேரத்தைத் தின்பது சென்னையில்தான். சென்னை வரைக்கும் அங்கிருந்து பலாலிக்கும் இரண்டு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கியிருந்தால், குடிவரவைத் தாண்டி வெளியே வந்து பெட்டியை எடுத்து, மறுபடி உள்ளே போய்ப் பதிய வேண்டும். அதற்கு இந்திய விசா கட்டாயம். திரும்பும்போதும் இதே கதைதான். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவை நம்பிப் புறப்படாதீர்கள். இலங்கைக்கான பயண அனுமதி வேறு. முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினால், தனி டிக்கெட்டுக்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. ஆகவே சென்னையில் ஓர் இரவு தங்குவதே என் பரிந்துரை. இரு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான். நேரத்தை மாற்றிக் குழம்ப வேண்டியதில்லை.

சென்னையில் கல்யாணச் சேலையோ கோயிலோ உறவினரோ இருந்தால் தயங்காமல் இந்த வழியைப் பிடியுங்கள். ஊர் ஒன்றே நோக்கம், கையில் இரண்டே வாரம், கூடவே சிறு பிள்ளைகள் என்றால் கட்டுநாயக்காவே நல்லது. இரவு பஸ்ஸில் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்.

பலாலியில் இறங்கியபின் யாழ் நகருக்குச் சுமார் 18 கிலோமீட்டர். சுற்றிலும் இராணுவப் பகுதி. செம்மண்ணையும் பனையையும் கண்டதும் கை தானாகக் கேமராவுக்குப் போகும், ஆனால் அந்த இடத்தைத் தாண்டும்வரை படம் எடுக்க வேண்டாம். அழைத்துப்போக வருபவரிடம் விமான எண்ணை முதல் நாளே சொல்லி வையுங்கள்.